அக்காவுக்கு எடுத்த சேலை

காப்பி கொஞ்சம் ஆறட்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. சூடாகக் குடித்தால் எனக்கு நாக்கு பொத்துப்போகும். வீட்டில் அக்காதான் ஆற்றிக் கொடுப்பாள். அதற்குள் நீங்கள் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். போர்மேன் சண்முகவேலை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவர் மீது தப்பில்லை.

எம்.ஈ. பட்டம் வாங்க ஒவ்வொருவரும் தனியாக ஓர் ஆராய்ச்சி செய்து காட்ட வேண்டும். சிவகாசிக்காரனான நான் பட்டாசுக் கம்பெனி விபத்துகளை எடுத்துக்கொண்டேன். பீடி இல்லை, தீக்குச்சி இல்லை, ஆனாலும் வெடிமருந்து அறை வெடிக்கிறது. துணி உராய்ந்து உடம்பில் சேரும் மின்சாரம்தான் காரணம் என்பது என் கணிப்பு.

என் அக்கா வேலுத்தாய் ஆனைக்குட்டம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் மருந்து கலந்தாள். ஐம்பத்தொன்றாம் வருஷம் அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். எனக்காகக் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டாள். அந்தக் கம்பெனியில் மருந்து அறைக்குப் போகிற பெண்கள் நூல் சேலைதான் கட்டுவார்கள். வாசலில் கிடக்கும் ஈரச்சாக்கை வெறுங்காலால் மிதித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். வழக்கம் என்பார்களே தவிர, காரணம் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியும். நூலில் அந்த மின்சாரம் அதிகம் சேராது, சேர்ந்ததையும் ஈரம் தரையில் இறக்கிவிடும்.

கருவியோடு போய் அளந்து பார்த்தேன். முள் அசையவே இல்லை. எல்லோரும் ஒழுங்காக நடந்தால் ஆராய்ச்சி எப்படி நடக்கும், நீங்களே சொல்லுங்கள்.

பங்குனியில் காற்று நன்றாகக் காய்ந்ததும் நான் படிக்கும் கோயம்புத்தூரிலிருந்து அவளுக்கு ஒரு நைலான் சேலை எடுத்து வந்தேன். கத்தரிப்பூ நிறம். அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“இருக்கன்குடிக்குக் கட்டிக்கிறேம்லே. மாரியாத்தா பாக்கட்டும்.”

“இல்லக்கா, நாளைக்கு வேலைக்குக் கட்டிட்டு வா.”

“கம்பெனியில வைவாகளே.”

“நான் சொல்லிக்கிறேன். ஒண்ணும் ஆகாது.”

“நீ சொன்னாச் சரிதாம்லே. எம்புட்டுப் படிச்சிருக்க.”

வேறு பெண் கிடைக்கவில்லையா என்கிறீர்கள். மற்றவர்கள் ஏன் என்று கேட்பார்கள். காரணத்தைச் சொன்னால் உள்ளே போக மாட்டார்கள்.

மறுநாள் காலையில் சண்முகவேல் சேலையைப் பார்த்துத் தயங்கினார். “இஞ்சினியர் தம்பியே சொல்றாக, நமக்கென்ன” என்று விலகிக்கொண்டார். வாசலில் ஈரச்சாக்கு இல்லாததை அவர் கவனிக்கவில்லை. முதல் நாள் சாயங்காலமே நான் அதை எடுத்து வேலியில் காயப்போட்டிருந்தேன்.

அக்கா வாசலில் நின்று முந்தானையை விரித்து எனக்குக் காட்டினாள். சிரித்தாள். பிறகு உள்ளே போய்த் தனியாக உட்கார்ந்து மருந்தைச் சலிக்க ஆரம்பித்தாள். அவள் அருகே வைத்த தகட்டிலிருந்து கம்பி இழுத்து, நான் கருவியோடு சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தேன். முள் ஏறியது. நான் கணக்குப் போட்டு வைத்திருந்த இடத்தையும் தாண்டியது. அவளைக் கூப்பிட நேரம் இருந்தது. ஆனால் முள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

தூக்கியபோது சேலையை அவள் உடம்பிலிருந்து பிரிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம், “நான் என்ன தப்புலே செஞ்சேன்?” என்றே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வாய்விட்டு அழுதேன், ஐயா. அவள் இல்லாத வீட்டுக்குள் கால் வைக்க முடியவில்லை. எனக்கென்று வேறு யார் இருக்கிறார்கள்?

ஆராய்ச்சி முடிந்துவிட்டது. முதல் பக்கத்தில் அவள் பெயரைத்தான் போடப்போகிறேன். விவரத்தைச் சொல்லிக் கேட்டிருந்தாலும் எனக்காக அந்தச் சேலையைக் கட்டியிருப்பாள். அதனால்தான் கேட்கவில்லை.