பெண்கள் பக்கத்துக் கதவு

நான் வண்டியை எப்போதும் நிழல் பார்த்துத்தான் நிறுத்துவேன். என் மகள் தாரா இதற்காகக் கேலி செய்வாள். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் அப்பா மரம் தேடி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் இறங்குவார் என்பாள். அன்றைக்கும் நெய்யாற்றின்கரை மண்டபத்துக்குப் பின்னால் உள்ள மாமரத்தடியில்தான் நிறுத்தினேன். என் வாக்குமூலத்தை நீங்கள் மலையாளத்தில் எழுதிக்கொள்ளுங்கள் சார். நான் தமிழில் சொல்கிறேன். களைப்பாக இருக்கிறது, இரண்டு பாஷையில் யோசிக்க இன்றைக்குத் தெம்பில்லை.

பெயர் அனந்தகிருஷ்ணன். பாறசாலை. கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவன். என் தாத்தா கைலாசம் பிள்ளை திருவனந்தபுரத்தில் சந்திரவிலாஸ் என்று ஒரு நாடகசாலை நடத்தினார். நாகர்கோவிலிலிருந்தும் மதுரையிலிருந்தும் கம்பெனிகள் வந்து மாதக்கணக்கில் ஆடிய இடம். யுத்த காலத்தில் ஓர் இரவு தீப்பிடித்து எரிந்துபோனது. இன்றைக்கு அங்கே ஒரு செருப்புக்கடையும் லாட்ஜும் இருக்கின்றன. அந்த நாடகசாலையின் சரித்திரத்தை எழுதுவதற்கு என் வாழ்க்கையில் பாதி போயிற்று. அதைத் தவிர நான் செய்ததாகச் சொல்ல வேறொன்றும் இல்லை.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பெண்களுக்குத் தனிக் கூடம், தனி வாசல். நாடகம் தொடங்கியதும் அந்தக் கதவை வெளியே பூட்டிவிடுவார்கள். சாவி தாத்தாவின் இடுப்பில் இருக்கும். ஆட்டம் முடிந்து ஆண்கள் எல்லோரும் தெருவை விட்டுப் போன பிறகு அவரே வந்து திறப்பார். நல்ல குடும்பத்துப் பெண்கள் வருகிற இடம், கண்டவன் கண்ணில் படக்கூடாது என்று அப்படி ஓர் ஏற்பாடு. அந்த நம்பிக்கையில்தான் பெண்கள் வந்தார்கள். தீப்பிடித்த இரவில் ஓர் உயிர்கூடப் போகவில்லை, தாத்தா கதவைத் திறந்துவிட்டார் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். எந்த வீட்டிலும் ஆள் குறைந்ததாகச் சொல்லவில்லை. வேறு எப்படி எழுதுவது?

சத்தியபாய் டீச்சர் போன வருஷம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். எனக்கு மூன்றாம் வகுப்பு எடுத்தவர். பொழியூரில் பேத்தி ரெஷ்மாவோடு இருந்தார். தொண்ணூறைத் தாண்டியும் ஞாபகம் பிசகவில்லை. அவருடைய அப்பா மிஷன் சபையில் உபதேசியார், நாடகம் பார்ப்பதே பாவம் என்று பிரசங்கம் செய்தவர். அவருக்குத் தெரியாமல் மூத்த மகள் லீலாபாய் தங்கையையும் கூட்டிக்கொண்டு சந்திரவிலாஸுக்குப் போயிருக்கிறாள். தீப்பிடித்தபோது, மழைத்தண்ணீர் போகச் சுவரடியில் விட்டிருந்த ஓட்டை வழியாகத் தங்கையை வெளியே தள்ளிவிட்டாள். அக்காவுக்கு அதில் நுழைய முடியாத உடம்பு.

"எங்க அக்கா காய்ச்சல்ல செத்தவ இல்ல மக்கா. அந்தக் கதவுக்க உள்ள செத்தவளாக்கும்," என்றார் டீச்சர். "ஒனக்க தாத்தன் சாவியும் கொண்டு வெளிய நின்னாரு. மொதல்ல ஆம்பிளைய எல்லாம் போட்டும்னு நின்னாரு."

தாத்தா கதவைத் திறந்தாரே என்று கேட்டேன்.

"தொறந்தாரு. தொறந்தப்ப ஆரு வெளிய வந்தா?"

உள்ளே இன்னும் பலர் இருந்திருக்கிறார்கள். விடிவதற்குள் அவரவர் வீட்டார் வண்டி கட்டி உடலைக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு வீட்டில் காய்ச்சல் என்றார்கள், ஒரு வீட்டில் வாந்திபேதி என்றார்கள். எங்கள் சைவக் குடும்பங்களும் அப்படித்தான், அவர்கள் சபைக்காரர்களும் அப்படித்தான். பெண் செத்ததைவிட அவள் நாடகசாலைக்குப் போனது பெரிய அவமானம். மகளை மண்ணில் வைத்துவிட்டு உபதேசியார் அடுத்த ஞாயிறே பிரசங்கம் செய்தாராம். டீச்சர் இதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. பொய் சொல்லவில்லை சார், அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அடுத்த பதிப்பில் சேர்க்கிறேன் என்றேன். அடுத்த பதிப்புக்கு அவர் இருக்கமாட்டார் என்று இருவருக்கும் தெரியும்.

புத்தகத்தின் மலையாளப் பதிப்பு வெளியீடு முடிவானதும், சந்திரவிலாஸை நேரில் பார்த்த ஒரே ஆள் உயிரோடு இருக்கிறார் என்று ரெஷ்மா விழாக்காரர்களிடம் பேசிவிட்டாள். அவர்களும் மகிழ்ந்துபோய் மேடையில் இடம் கொடுத்துவிட்டார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. டீச்சரை நானே கூட்டிவருகிறேன் என்றேன். ரெஷ்மாவுக்கு ஆஸ்பத்திரியில் காலை டியூட்டி, நேராக மண்டபத்துக்கு வந்துவிடுவாள்.

டீச்சர் மடிப்புக் கலையாத பாலராமபுரம் புடவை கட்டியிருந்தார். பூவாரில் நிறுத்திச் சம்பார மோர் வாங்கிக் கொடுத்தேன். பேசவேண்டியதை வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். நெய்யாற்றின்கரை நெருங்கும்போது என்னிடம் சொன்னார்: "ஒனக்க தாத்தனெப் பத்தி நான் ஒண்ணும் சொல்லமாட்டேன் மக்கா. நீ பேடிக்காண்டாம். அக்காக்க பேரு மட்டும் சத்தமா ஒருக்க சொன்னா போரும்."

நல்ல மனசு. ஆனால் நான் சரித்திரம் நடத்தியவன். ஒரு பெயரைச் சொன்னால் அவள் எப்படிச் செத்தாள் என்று யாராவது கேட்பார்கள். கதவு ஏன் பூட்டியிருந்தது என்று அடுத்தவர் கேட்பார். அப்புறம் என்ன மிஞ்சும்? சந்திரவிலாஸ் இரண்டாவது தடவை எரிவதை இருந்து பார்க்கிற வலு எனக்கு இல்லை. டீச்சர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. பயம் இருந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

விழாவுக்கு நேரம் கிடந்தது. கொஞ்சம் கண்ணயருங்கள், உங்கள் முறை வரும்போது வந்து கூட்டிப்போகிறேன் என்றேன். சரி என்று சாய்ந்துகொண்டார். ஏசியை அணைத்தேன். சத்தத்தில் தூக்கம் கெடும். கண்ணாடிகளை ஏற்றினேன். கொசு வரும். அவருடைய பையைப் பின்னால் டிக்கியில் வைத்தேன், போன் அதில் இருந்தது. உள்ளிருந்து திறக்க முடியாதபடி பின்கதவுகளில் உள்ள குழந்தைப் பூட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அதைக் காலையிலேயே வீட்டில் வைத்துப் போட்டேன். வயதானவர், ஓடுகிற வண்டியில் கதவைத் திறந்துவிட்டால்?

மீன மாதம், எங்கள் பங்குனி வெயில். அந்த மண்டபத்தில் நான் பலமுறை பேசியிருக்கிறேன். மதியம் தாண்டினால் மாமரத்து நிழல் மதிலுக்கு அந்தப் பக்கம் போய்விடும். அது எனக்குத் தெரியும்.

பூட்டிவிட்டு நடக்கும்போது தட்டுகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். முழித்துக்கொண்டார் போலிருக்கிறது. கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தபடி என்னைப் பார்த்தார். கத்தவில்லை. இதோ வருகிறேன் என்று கை காட்டினேன். தலையை ஆட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். வகுப்பில் நாங்கள் சொல்வதை நம்புகிற மாதிரியே நம்பினார்.

ரெஷ்மா வந்து பாட்டி எங்கே என்று கேட்டாள். பக்கத்தில் ஒரு சிநேகிதர் வீட்டில் படுத்திருக்கிறார், எழுப்பவேண்டாம், நான் போய் அழைத்துவருகிறேன் என்றேன். கும்பிட்டுவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். நான் வழக்கத்தைவிட நீட்டிப் பேசினேன். பெண்கள் பக்கத்துக் கதவையும் தாத்தாவின் இடுப்புச் சாவியையும் சொன்னபோது நல்ல கைதட்டல். பேசும்போது என் கை இரண்டு தரம் சட்டைப்பைக்குப் போய் வண்டிச் சாவியைத் தொட்டுப் பார்த்தது. நேரமாகிவிட்டதால் டீச்சரின் பேச்சு கூட்டம் முடிந்த பிறகு தனியாக வைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்துவிட்டார்கள். அப்புறம் புத்தகத்தில் கையெழுத்துக் கேட்டு நின்றார்கள். ஒருவரையும் ஏமாற்றி அனுப்பவில்லை. வாசலில் நின்ற ஆண்கள் பைக்கை எடுத்துக்கொண்டு போய் முற்றம் காலியாகட்டும் என்று காத்திருந்தேன். அவ்வளவு கூட்டத்துக்கு நடுவே, புடவை கலைந்து கிடக்கிற ஒரு பெண்ணை எப்படி இறக்குவது?

கொன்றீர்களா என்று கேட்கிறீர்கள். ஆமாம் என்று எழுதிக்கொள்ளுங்கள், உங்களுக்கும் வேலை முடியும். ஆனால் ஒன்று விட்டுப்போகக்கூடாது. ரெஷ்மாவுக்கு வண்டி எங்கே நிற்கிறது என்றுகூடத் தெரியாது. அங்கே இருந்த வேறு யாருக்கும் தெரியாது. நான்தான் போனேன். கதவைத் திறந்தது நான்தான் சார். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.