வியாழக்கிழமை மாடம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இது சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை. மலை ஏறப் போன ஒருவனின் கதை. அவனுக்கு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தவள் நான்; அதனால் மற்றவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். என் தங்கை கடைக்குப் போயிருக்கிறாள். அவள் திரும்புவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன்.

சீட்டு எழுதுகிறவளுக்கு முதலில் வேண்டியது நல்ல கையெழுத்து. பென்சிலில்தான் எழுதுவோம். மழையில் மை கரைந்துவிடும், பென்சில் கரையாது. மலையடிவார அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதினேன். ஒரு மேசை, ஒரு வயர்லெஸ் பெட்டி, சுவரை அடைத்த வரைபடம். அதற்குக் கீழே மரத்தில் அடித்த ஏழு மாடங்கள், கிழமைக்கு ஒன்று.

மேலே போகிறவர்கள் எந்த வழியில் போகிறார்கள், எந்த இரவு எந்த முகாமில் தங்குகிறார்கள், என்றைக்குத் திரும்புகிறார்கள் என்று சொல்ல வேண்டும். ஒரு முகாமில் ஓர் இரவுக்குப் பன்னிரண்டு பேர்தான். பதின்மூன்றாவது ஆள் மந்திரியாகவே இருந்தாலும் வேறு முகாமைப் பார்க்க வேண்டியதுதான். சீட்டை இரண்டு பாதியாக எழுதுவேன். ஒரு பாதி அவர்கள் சட்டைப்பைக்குள் போகும். மறுபாதி திரும்புகிற கிழமையின் மாடத்துக்குள் போகும். இறங்கி வந்தவர்கள் ஜன்னலில் முகத்தைக் காட்டினால் அந்தப் பாதியைக் கிழித்துப் போடுவேன். தினமும் மாலை ஐந்து மணிக்கு அன்றைய மாடத்துக்குள் கையை விடுவேன். ஒரு தாள் விரலில் பட்டாலும் மேலே யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம். உடனே காவலர்கள் தேடக் கிளம்பிவிடுவார்கள்.

எல்லோருக்கும் ஒரே பாடம்தான் சொல்லி அனுப்புவேன். "வழி தப்பினாலோ அடிபட்டாலோ இருக்கிற இடத்துலயே இருங்க. அலையாதீங்க. உங்க தாள் எங்ககிட்ட இருக்கு. நாங்க வருவோம்." இருபத்தாறு வருஷத்தில் அந்த வாக்கு ஒரே ஒரு முறைதான் தவறியது.

என் தங்கை என்னைவிடப் பதினான்கு வயது சின்னவள். சின்னவள் என்பதே அவள் பெயராகிவிட்டது. அம்மா போனபோது அவளுக்குப் பால்பல்கூட விழவில்லை. என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், "இவளும் என்கூட வருவா" என்றேன். வந்தவர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. இரண்டு அறை, இரண்டு கட்டில், ஒரே கண்ணாடி. ஒருத்தி முகம் கழுவினால் இன்னொருத்தி தலை வாருவாள். எங்களுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதுமாக இருந்தது.

பிறகு நெட்டையன் வந்தான். நில அளவைக்காரன். எங்கள் வீட்டு நிலைப்படியில் மூன்று முறை தலையை இடித்துக்கொண்டான். நாலாம் முறை தானாகவே குனிந்து வந்தான். அன்றைக்கே அவன் எங்கள் வீட்டுக்குப் பழகிவிட்டான் என்று எனக்குப் புரிந்தது. அவனிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் வாயால் சொல்லியே தீர்த்திருப்பேன்.

அடுத்த மாதம் கல்யாணம் என்றும், அவனுக்கு மாற்றலான ஊர் ரயிலில் இரண்டு நாள் தூரம் என்றும் சின்னவள் ஒரே மூச்சில் சொன்னாள். நான் "நல்லது" என்றேன். அடுப்பில் பொங்கி வழிந்த பாலைத் துடைத்தேன்.

ஊரைவிட்டுப் போவதற்கு முன் மலைமேல் இருக்கிற ஏரியை அவளுக்குக் காட்ட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஞாயிறு ஏறி, நான்கு இரவு தங்கி, வியாழன் இறங்குவதாகத் திட்டம். சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். "அக்கா, நீங்க போடுறதுதான் கோடு." நானே போட்டேன். முகட்டு வழி. பாதுகாப்பான வழி.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஓடைக் காவலர் வயர்லெஸில் பேசினார். "அம்மா, ராத்திரி வெள்ளத்துல மரப்பாலம் போயிடுச்சு. ஓடை வழியை மூடிடுங்க. நான் அக்கரையில மாட்டிக்கிட்டேன், முகட்டு வழியா இறங்கி வந்துடுறேன்." சரி என்றேன். அறிவிப்பு எழுதினேன். ஒட்டப் போனால் பசை காய்ந்திருந்தது. அறிவிப்பை மேசை இழுப்பறைக்குள் வைத்தேன்.

எட்டு மணிக்கு இருவரும் முதுகில் பையோடு வந்து நின்றார்கள்.

"என்னக்கா, சிம்மாசனத்துல உட்கார்ந்தா ஆளே மாறிடுறீங்க. ரெண்டு பேருக்கு ஒரு சீட்டு."

"முகட்டு முகாம் நிறைஞ்சிடுச்சுப்பா. ஓடை வழியா போங்க."

"பாலம் நல்லா இருக்கா?"

"போன வாரம் ஒரு பள்ளிக்கூடமே தாண்டிப் போச்சு" என்றேன்.

அது உண்மைதான். முகட்டு முகாமில் அன்றைக்கு ஒன்பது பேர்தான் இருந்தார்கள்.

எழுந்து வரைபடத்துப் பக்கம் போனபோது எனக்குத் தலை சுற்றியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். சின்னவள் பையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "நான் போகலை. அக்காவை இப்படி விட்டுட்டு எப்படிப் போறது?" நெட்டையனும் பையைக் கழற்றினான். நான்தான் தடுத்தேன். "நீ போய்ட்டு வாப்பா. இந்தச் சீட்டு கிடைக்காம எத்தனை பேர் காத்துக் கிடக்கிறாங்க. அவளை இன்னொரு தடவை கூட்டிட்டுப் போ."

சின்னவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். "நெட்டை, மேலேயாவது நிமிர்ந்து நட. அங்கே நிலைப்படி கிடையாது."

அவள் அவனிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

அவன் கையில் கொடுத்த பாதியில் வியாழன் என்று எழுதினேன். என்னிடம் இருந்த பாதியில் சனி என்று எழுதினேன். அதைச் சனிக்கிழமை மாடத்துக்குள் போட்டேன். அவன் போன பிறகு பசையில் தண்ணீர் விட்டுக் கரைத்து அறிவிப்பை ஒட்டினேன். அதற்கப்புறம் அந்த வழியில் யாரும் போகவில்லை. பேரேட்டில், பாலம் போன செய்தி ஒன்பது மணிக்கு வந்ததாகக் குறித்தேன். பின்னால் விசாரணை வந்தபோது, பாவம், அந்தக் காவலர் தன் கடிகாரத்தைத்தான் குறை சொன்னார்.

வியாழன் மாலை ஐந்து மணிக்கு, வழக்கம்போல, வியாழக்கிழமை மாடத்துக்குள் கையை விட்டேன். வெறும் மரம். வெளியே மழை பிடித்திருந்தது.

வீட்டில் சின்னவள் வாசலிலேயே நின்றாள். "அக்கா, இன்னிக்குத்தானே அவர் வரணும்?"

"ஆபீஸ் தாள்ல சனின்னு எழுதச் சொன்னான். ரெண்டு நாள் கூட இருந்துட்டு வரானாம். உன்கிட்ட சொல்லலையா?"

அவள் முகம் சுண்டிப்போனது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம அப்படி என்ன ஏரி வேண்டிக்கிடக்கு? வரட்டும், பேசிக்கிறேன்." அந்த இரண்டு நாளும் அவன்மேல் கோபமாக இருந்தாள். அவன் கொடுத்த கைக்குட்டையைத் தரை துடைக்கப் போட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனி மாலை ஐந்து மணிக்குத் தாளை எடுத்துக் காவலர்களிடம் கொடுத்தேன். ஞாயிறு மதியம் கண்டுபிடித்தார்கள். பாலம் இல்லாத இடத்தில் பாறை பாறையாகத் தாண்டியிருக்கிறான், கால் முறிந்திருக்கிறது. தவழ்ந்து போய் ஒரு பாறை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறான். கால் முறிவால் சாகவில்லை, நனைந்து குளிரில்தான் உயிர் போயிருக்கிறது, அதுவும் சனிக்கிழமை விடியலில்தான் என்று டாக்டர் எழுதினார். காவலர்கள் வியாழன் மாலையே கிளம்பியிருந்தால் வெள்ளி மதியமே அவன் பக்கத்தில் ஆள் இருந்திருக்கும்.

அவன் பொருள்களுக்குப் பட்டியல் எழுதும் வேலையும் எனக்கே வந்தது. பன்னிரண்டு பொருள் இருந்தது. பதினொன்று எழுதினேன். பன்னிரண்டாவது, சட்டைப்பையில் இருந்த பாதிச் சீட்டு. இதோ, இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பின்பக்கம் பென்சிலில் எழுதியிருக்கிறான். நான் சொன்னேனே, பென்சில் கரையாது.

"திங்கள். கால் போச்சு. அக்கா சொன்ன மாதிரி நகரலை."

அதற்குக் கீழே, கொஞ்சம் கோணலாக: "வெள்ளி. நேத்து அஞ்சு மணிக்கே அக்கா தாளை எடுத்திருப்பாங்க. அக்கா மறக்க மாட்டாங்க. இங்கேயே இருக்கேன்."

சின்னவள் அதற்குப் பிறகு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. இப்போது அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. மழை பிடித்தால் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வாள். "அவர் அங்கே குளிர்ல கிடந்தப்போ நான் இங்கே திட்டிட்டு இருந்தேனேக்கா" என்பாள். "உன் தப்பு ஒண்ணும் இல்லைடி" என்று தலையைத் தடவிக் கொடுப்பேன். அது ஒன்றுதான் நான் அவளிடம் சொல்கிற முழு உண்மை.

பாலம் இல்லை என்று கண்டால் எவனும் திரும்பி வந்துவிடுவான், கொஞ்சம் தாமதமாகட்டும் என்றுதான் செய்தேன் என்று வெகு காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களிடமும் அப்படியே சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டீர்கள். அன்று எனக்குத் தலை சுற்றவில்லை, கண்ணுகளா. சின்னவள் அந்த ஓடைப் பக்கம் போகக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அது தெரிந்தவளுக்கு மற்றதும் தெரியும். அவனைக் கொன்றவள் நான்தான்.

அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எத்தனையோ முறை வாய்வரை வந்தது. சொன்னால் போய்விடுவாள்.

அதோ, அவள் செருப்புச் சத்தம். எழுந்திருங்கள், நேரமாகிறது. உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும். கூடப்பிறந்தவர்கள் உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும். உங்கள் நிலைப்படியைத் தாண்டி யாரும், எதற்காகவும், எங்கும் போகாமல் இருக்கட்டும்.