இனி எங்கிட்டுப் போய் ஊதுறது?

ஆலங்குடியில் புதுக்கோட்டை பஸ் கிளம்பக் காத்திருந்தது. "நான் என்ன கொலையா பண்றேன், பீடிதானே மச்சான்!" என்று பின் இருக்கையில் ஒரு குரல் எகிறியது. ஒட்டுக்கேட்பதில் நான் கெட்டிக்காரன். தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கத்தாதீங்க மாப்ள. பஸ் ஸ்டாண்டு, சந்தை, கடைவீதி எங்கயும் பீடி, சிகரெட்டு பிடிக்கக் கூடாதுன்னு தடை வரப்போவுதாம். அத எதுத்துத்தான் மனுக் குடுக்கப் போறேன்."

"முந்திரிக்காட்டுல பத்தவச்சா சருகு எரிஞ்சிரும்னு வெரட்டுறாங்க. வீட்டுல ஒங்க தங்கச்சி வாசப்படி ஏறவிட மாட்டேங்குறா. இங்கிட்டும் கூடாதுன்னா நான் எங்கிட்டுப் போயி ஊதுறது?"

"அப்பக் கையெழுத்தப் போடுங்க."

"குடுங்க! மொத ஆளா நான்ல போட்டிருக்கணும்! இதென்ன மச்சான், மொதக் கையெழுத்தே அவளுதா இருக்கு?"

"காலையிலயே தேடி வந்து போட்டுச்சு மாப்ள. 'வெளிய தடுத்துட்டா அந்த மனுசன் வீட்டுக்குள்ள வந்துல்ல ஊதுவாரு? தடை வரவே கூடாதுண்ணே'ன்னுச்சு."

சிரிப்பை அடக்கப் பார்த்தேன். இருமல் வந்து காட்டிக்கொடுத்துவிட்டது. வீட்டில் 'தூசி ஒத்துக்கொள்ளவில்லை' என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிற அதே இருமல்.