நாலாவது கல்லடுக்கு

சரி... கிரகப்பிரவேச விருந்துக்கு இலை போட்டாச்சுன்னு சமையல்காரர் அங்கேயிருந்து கையைக் காட்டுறார், எனக்கும் தெரியுது. ஒரு சின்னச் சங்கதி மட்டும் சொல்லிட்டு இறங்கிடுறேன். சாம்பார் ஆறிடாது, உக்காருங்க.

என் சித்தி மகள் மங்கையர்க்கரசி. நாங்க மங்கைன்னு கூப்பிடுவோம். பதினோரு வருஷமா அமெரிக்காவுல இருக்கா. அவ புருஷன் சிவநேசன், தங்கமான மனுஷன், வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டார். இருக்கிறது வாடகைக்கு ஒரு அபார்ட்மெண்ட். மங்கைக்கு ஒரே ஒரு ஏக்கம்தான். அறந்தாங்கியில, அவங்க அப்பா கொடுத்த மனையில, சொந்தமா ஒரு வீடு. எப்போ போன் பண்ணினாலும் அதே பேச்சு. "அக்கா, அடுப்படி ஜன்னல் கிழக்குப் பார்த்து வைக்கணும்க்கா. காலையில வெயில் உள்ளே விழணும்." கட்டாத வீட்டுக்குத் திரைச்சீலை கூடப் பார்த்து வெச்சிருந்தா. சிரிக்காதீங்க. ஏங்கினவங்களுக்குத்தான் அது தெரியும்.

ஒரு லீவுக்கு ரெண்டு பேரும் அங்கே ஒரு தேசியப் பூங்காவுக்குப் போறாங்க. பூங்கான்னதும் ஊஞ்சல், சறுக்கு மரம்னு நினைச்சுடாதீங்க. பாலைவனம். அதுக்கு நடுவுல செக்கச்செவேல்னு ஒரு பள்ளத்தாக்கு. ரெண்டு பக்கமும் கோபுர உசரத்துக்குப் பாறைச் சுவர். உள்ளே கொஞ்ச தூரம்தான் பாதை. அப்புறம் வெறும் பாறையும் மணலும். அப்போ வழி எப்படித் தெரியும்? அங்கங்கே கல்லு மேல கல்லா, ஒரு முழ உசரத்துக்கு அடுக்கி வெச்சிருப்பாங்க. ஒரு அடுக்குகிட்டே போனா அடுத்தது கண்ணுல படும். அதுதான் வழி. வாசல்ல இருந்த காவல்காரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. "கல்லைப் பார்த்து நடங்க. கல்லைத் தொடாதீங்க. புதுசா எதையும் அடுக்காதீங்க." யார்கிட்ட சொன்னாங்க? சிவநேசன்கிட்ட. மங்கை அப்போ வெளியே குழாயில தண்ணி பிடிச்சுக்கிட்டு இருக்கா. அவர் வந்து அவகிட்ட சொன்னாரா? சொல்லலை. வாயைத் திறந்து பேசமாட்டார்னு முதல்லயே சொன்னேன்ல.

நடக்கிறாங்க... நடக்கிறாங்க... ரெண்டு பள்ளத்தாக்கு வந்து சேர்ற ஒரு இடம். மங்கைக்கு முழங்கால் விட்டுப்போச்சு.

"நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க. நான் இந்தப் பாறை நிழல்ல உக்காந்திருக்கேன்."

"ஒரு மணி நேரத்துல வந்துடுவேன் மங்கை. இங்கேயே இரு."

ஒரே ஒரு பாட்டிலை எடுத்துக்கிட்டார். மிச்சத் தண்ணியெல்லாம் அவகிட்ட வெச்சுட்டுப் போனார்.

தனியா உக்காந்திருக்கா. எதிரே ஒரு கல்லடுக்கு. பார்க்கிறா... பார்க்கிறா... கண்ணு கலங்கிடுச்சு. ஏன்? நம்ம மலைக்கோயில்ல சொந்த வீடு வேணும்னா என்ன பண்ணுவோம்? படியோரமா கல்லை அடுக்கி வேண்டிக்குவோம். "அட, இவங்களும் நம்மளை மாதிரிதான் போலிருக்கு"ன்னு நினைச்சுட்டா. மெதுவா எழுந்தா. அவர் போகாத அந்த இன்னொரு பள்ளத்தாக்கு வாயில நல்ல தட்டைக் கல்லாக் கிடந்துச்சு. அஞ்சு கல்லை அடுக்கினா. "சாமி, ஒரு வீடு." கொஞ்சம் உள்ளே தள்ளி இன்னொண்ணு. "அதுக்கு ஒரு மாடி." இன்னும் கொஞ்சம் உள்ளே. "கொல்லையில ஒரு கிணறு." மூணு அடுக்கு. மனசார வேண்டிக்கிட்டு வந்து, பழையபடி பாறைக்குப் பின்னால உக்காந்துட்டா.

சிவநேசன் திரும்பி வர்றார். போகும்போது பார்த்த இடம் வரும்போது வேற மாதிரி இருக்கும். பொண்டாட்டியை எந்தப் பாறைகிட்ட விட்டோம்? பிடிபடலை. "மங்கை..."ன்னு கூப்பிடுறார். "என்னங்க..."ன்னு இவளும் குரல் கொடுக்கிறா. அது சுவர்ல பட்டு நாலு பக்கமும் கேட்குது. என்னங்க... என்னங்க... என்னங்க... எந்தப் பக்கம் போவார்? கீழே பார்த்தார். கல்லடுக்கு இருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு இருந்தா நாலாவது இருக்கும்னுதானே நீங்களும் நானும் நினைப்போம்? நடந்துட்டார். அவளுக்கு நாற்பதடி தூரத்துல, பாறை மறைச்சதால பார்க்காம, அவளைத் தாண்டி நடந்துட்டார்.

ஒரு மணி நேரம் ஆச்சு. ரெண்டு... மூணு... தேடிப் போகலாம்னா, அவர் குரல் எந்தப் பக்கம் போச்சுன்னு தெரியலை, இங்கேயே இருன்னு வேற சொல்லிட்டுப் போயிருக்காரே. கொளுத்துற வெயில்ல அவர் கையில ஒரு பாட்டில், அதுவும் இந்நேரம் காலியாகியிருக்கும். தண்ணியெல்லாம் இவகிட்ட. அந்தப் பாட்டில்களைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுறா. அப்போ அந்தக் காவல்காரம்மா ரோந்து வந்தாங்க. விஷயத்தைக் கேட்டாங்க, சுத்திப் பார்த்தாங்க.

"இந்தக் கல்லை யார் அடுக்கினது?"

மங்கைக்கு அப்போதான் உறைச்சுது. கையைத் தூக்கினா.

அந்தம்மா உள்ளே போய் அவரைக் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வந்தாங்க. உதடெல்லாம் வெடிச்சிருக்கு. தண்ணியைக் குடிச்சுட்டு அவர் சொன்னது இவ்வளவுதான். "கல்லைப் பார்த்துத்தான் வந்தேன் மங்கை. கல்லு இருந்துச்சு... நீ இல்லை."

அந்த மூணையும் மங்கை தன் கையாலேயே போய்க் கலைச்சா. முதல்ல கிணறு, அப்புறம் மாடி, கடைசியா வீடு. "வீட்டை மட்டும் ஒவ்வொரு கல்லாத்தான் எடுத்து வெச்சேன்க்கா"ன்னு என்கிட்ட சொன்னா. ஆசை போயிடுச்சான்னு கேட்டீங்கன்னா, போகலை. இன்னமும் ஜன்னலைப் பத்திப் பேசுறா. பேசும்போது அவர் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கார், அவ்வளவுதான்.

செண்பகம்... உன் வீட்டுக்காரர் தெரியுற அந்தப் போனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பும்மா. குவைத்துலேர்ந்து பார்த்துக்கிட்டிருக்கிற இளங்கண்ணன் தம்பி, நான் பேசுறது கேட்குதா? ஒன்பது வருஷம் உழைச்சிருக்கீங்க. வீடு அருமையா வந்திருக்கு. காலையில பால் பொங்கினதை நீங்களும் அதுலதான் பார்த்தீங்க. செண்பகம் வீடு வேணும்னு வேண்டிக்கிட்டா, நீங்க அதைப் பார்த்து குவைத்துக்கு நடந்தீங்க. அவ மேலயும் தப்பில்லை, உங்க மேலயும் தப்பில்லை. இந்தப் பந்தல்ல பாதி வீட்டுல இதே கதைதான், யாரும் தலையைக் குனிய வேண்டாம்.

ஆனா உள்ளே வரும்போது மொட்டைமாடியைப் பார்த்தேன் தம்பி. அடுத்த மாடிக்குன்னு நாலு மூலையிலயும் கம்பி நீட்டி விட்டிருக்கீங்க. அதுதான் நாலாவது கல்லடுக்கு. அதைப் பார்த்து மறுபடியும் நடந்துடாதீங்க. உங்க வீட்டம்மா இங்கே வாசல்லதான் நிக்கிறா. ஒன்பது வருஷமா உங்களை "என்னங்க"ன்னு கூப்பிட்டுக்கிட்டே நிக்கிறா. அந்தக் குரல் வர்ற பக்கம் வாங்க.