பாரசீகச் சுவடி களவு போகவில்லை

பெயர்: கந்தையா சிவபாதசுந்தரம். வயது: 71. தொழில்: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். முகவரி: 17/2, நந்தன ஒழுங்கை, வெள்ளவத்தை. 1996ஆம் ஆண்டு விசயதசமி தினம் முற்பகலில், வெள்ளவத்தைப் பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் றவூப் அவர்களால் தமிழில் எழுதிக்கொள்ளப்பட்டது.

ஒழுங்கின்றிச் சொன்னால் நான் தடுமாறிவிடுவேன் என்பதால், சொல்லப்போவதை முதலில் இலக்கமிட்டு எழுதும்படி கேட்டேன். சார்ஜன்ட் அவர்கள் சம்மதித்தார்.

1. சுவடி யாருடையது, என்னிடம் எப்படி வந்தது.
2. அது காணாமற்போனதாக நான் ஏன் நினைத்தேன்.
3. என் வீட்டில் அறையொன்றில் வாடகைக்கு இருக்கும் அழகுமுத்துவின் பெயரை ஏன் சொன்னேன்.
4. சுவடி இன்று காலை எங்கே இருந்தது.
5. அழகுமுத்து இனி என் வீட்டுக்கு வரமாட்டார் என்பதால், அவருடைய பெட்டியையும் உடுப்புகளையும் யாரிடம் ஒப்படைப்பது.

மேற்படி சுவடி கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ஜனாப் ஸஹாப்தீனின் குடும்பச் சொத்து. அதில் பாரசீகக் கவிதைகள் காகிதத்தில் கையால் எழுதப்பட்டுள்ளன. ஏடுகளின் ஓரமெல்லாம் பொன் வேலைப்பாடும், சிலவற்றில் தோட்டம், வேட்டை முதலிய ஓவியங்களும் உண்டு. தையல் விட்டு ஏடுகள் முன்பின்னாகக் கலந்திருந்தன. பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் நான் அவ்வெழுத்தை வாசிக்கப் பழகியவன் என்று அறிந்து, ஏடுகளை ஒழுங்காக்கித் தரும்படி அவர் என்னிடம் கொடுத்தார். கவிதையின் பொருள் எனக்கு விளங்கும் என்று துணிந்து சொல்லமாட்டேன். பழைய எழுத்தர்கள் அடுத்த பக்கத்தின் முதற்சொல்லை முந்திய பக்கத்தின் அடியில் சிறிதாக எழுதி வைப்பது வழக்கம். அதைப் பார்த்தே அடுக்கினேன்.

அழகுமுத்து ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர். புறக்கோட்டையில் புடைவைக் கடையொன்றில் வேலை செய்கிறார். நான் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு நாள் எட்டிப் பார்த்து, "இது நெசத் தங்கமா ஐயா?" என்று கேட்டார். ஓம் என்றேன். "எங்க அம்மா காதுல கிடக்கிறதுகூட இப்பிடி மினுங்காதுங்க" என்று சிரித்தார்.

மூன்று நாட்களுக்கு முன், சரசுவதி பூசை தொடங்கிய அன்று காலை, வேலை முடிந்த செய்தியைச் சொல்ல நான் கொட்டாஞ்சேனைக்குச் சென்றேன். சுவடியைப் பச்சைப் பட்டுத்துணியில் சுற்றி மேசையில் வைத்திருந்தேன். என் மனைவி பாலேஸ்வரி, களுபோவில ஆஸ்பத்திரியில் இருந்த தன் தங்கைக்குத் துணையாகத் தங்கப் புறப்பட்டார். புறப்படுமுன் வழமைபோல் புத்தகங்களைச் சாமியறையில் அடுக்கி, வெள்ளைத் துணியால் மூடி, கும்பமும் வைத்திருந்தார். அப்படி வைத்த புத்தகங்களை விசயதசமி காலைவரை நாங்கள் தொடுவதில்லை.

அன்று மதியம் எங்கள் ஒழுங்கையில் படையினர் வீடுவீடாகச் சோதனையிட்டார்கள். விடுமுறையில் இருந்த அழகுமுத்துதான் கதவைத் திறந்திருக்கிறார். நான் திரும்பியபோது மேசையில் சுவடி இல்லை. அலுமாரி, கட்டிலின் கீழ், குசினி எல்லாம் தேடினேன். சாமியறையையும் பார்த்தேன். மூடிய அடுக்கில் கை வைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நின்ற மனைவியை இதற்காகக் குழப்ப நான் விரும்பவில்லை. சோதனையிட வந்தவர்களைப் பற்றி முறையிட எனக்குத் தைரியம் இருக்கவில்லை. இங்கு வந்து சுவடியைக் காணவில்லை என்றேன். வீட்டில் யார் இருந்தது என்று கேட்டார்கள். பெயரைச் சொன்னேன். தங்கமா என்று அவர் கேட்டதை யாரும் கேளாமலே சொன்னேன்.

அதன் பின் பொலிசார் வீட்டுக்கு வந்து அவரைக் கூட்டிச் சென்றார்கள். படியிறங்கும்போது, "ஐயா, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார். நான் சொல்லவில்லை. நேற்று அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது, இன்று பிற்பகல் அவரை வேறிடத்துக்கு அனுப்புவதாகவும், அங்கிருந்து எங்கே கொண்டுபோவார்கள் என்று தங்களுக்குத் தெரியாது என்றும் இங்கு சொன்னார்கள். சாப்பாட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

இன்று காலை மனைவி திரும்பி வந்து முழுகிவிட்டு, துணியை எடுத்தார். பஞ்சாங்கத்துக்கும் என் பழைய அகராதிக்கும் நடுவே பச்சைப் பட்டு தெரிந்தது. இதை ஏன் வைத்தாய் என்று கேட்டேன்.

"அதுவும் புத்தகம்தானே. எந்தப் பாசையெண்டாலும் படிப்புத்தானே. ஏன் முழிக்கிறியள்?"

நடந்ததைச் சொன்னேன். "அந்தப் பிள்ளையைப் பிடிச்சுக் குடுத்துப்போட்டு இஞ்ச நிண்டு விளக்கம் கேக்கிறியளோ? சேட்டைப் போட்டுக்கொண்டு பொலிசுக்கு ஓடுங்கோ!" என்றார்.

சுவடியோடு இங்கு வந்தேன்; தொலைபேசியில் செய்தி அறிந்து ஜனாப் ஸஹாப்தீனும் நேரே இங்கு வந்தார். பட்டுத்துணியில் சந்தனம் பட்டிருந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "துணிதானே மாஸ்டர், கழுவலாம். கிதாபு நல்லா ஈக்கிது. இனி உள்ளுக்கு ஈக்கிற மனிசன வெளிய எடுங்க" என்றார். பொறுப்பதிகாரி அவர்கள் சுவடியைத் திறக்கச் சொல்லி ஓர் ஏட்டைப் பார்த்தார். அதன் பின் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு அடுத்த ஏட்டைத் தாமே திருப்பினார். அதன் பின் அழகுமுத்துவை விடும்படி சொன்னார். சார்ஜன்ட் அவர்கள் கதிரை தந்து, இந்த வாக்குமூலத்தை எழுதத் தொடங்கினார்.

ஐந்தாவது விடயத்தைச் சொல்லத் தொடங்கும்போது, அழகுமுத்து தன் அடையாள அட்டையையும் செருப்பையும் பெற்றுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். தம்பி, உங்கட சாமான்களை எங்க அனுப்பிறது என்று கேட்டேன்.

"எதுக்குங்க அனுப்பணும்? கோவம் இருக்குங்க, இல்லேன்னு சொல்லல. அத வீட்டுல வச்சுப் பேசிக்குவோம். மொதல்ல வீட்டுக்கார அம்மாகிட்ட சோறாக்கச் சொல்லுங்க. நீங்க கொண்டாந்த சாப்பாட்ட எவனோ தின்னுட்டான். பாண் தின்னு தின்னு நாக்கே செத்துப்போச்சு."

சார்ஜன்ட் அவர்கள் சிரித்துவிட்டு, ஐந்தாவதை வெட்டிவிடவா என்று கேட்டார். வெட்டவேண்டாம், நான் அப்படித்தான் நினைத்திருந்தேன், அது பிழை என்று கீழே எழுதினால் போதும் என்றேன்.

ஐந்தாவது விடயம் பிழை. மற்ற நான்கும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. நான் அறிந்தவரை நடந்தது நடந்தபடியே உள்ளது.

(ஒப்பம்) க. சிவபாதசுந்தரம்