மெம்பர் மௌத்தான பிறகு

கல்பிட்டி பஸ் நுரைச்சோலையில் நின்றது. மீன் கூடையோடு ஏறிய மூதாட்டி ஒருத்தர், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்கட மாப்பிள, நம்மட மெம்பர், மௌத்தான அண்டைக்கு வர ஏலாமப் போச்சு மகள். புருசனுக்காக நாலு மாசம் பத்து நாள் வீட்டோட துக்கம் இருந்த இத்தா முடிஞ்சா?”

“ஓம் மாமி. இண்டைக்குத்தான் வெளிய வாறன். பிரதேச சபைல கூட்டம்.”

“அவர்ட பதவிய இனி ஆருக்குக் குடுப்பாங்க?”

“அது என்ட பதவி மாமி. எலக்சன் கேட்டது நான். நீங்களும் எனக்குத்தானே வோட்டுப் போட்டீங்க?”

“ஓம் மகள், உங்கட பேருக்குத்தான். ஆனா ரோட்டு, லைட்டு எண்டு எல்லாம் அவர்ட்டத்தானே சொன்னம்? இனி ஆர்ட்ட சொல்ற?”

“என்ட்ட சொல்லுங்க மாமி.”

மூதாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

“யா அல்லாஹ், அப்ப நம்மட ஊருக்கு இனி மெம்பரே இல்லையா?”