கரண்டி பிடித்த கை

நான் நாயை அடிக்க மாட்டேன். அடித்துப் பழக்குகிறவன் சோம்பேறி. காவல் நாய் அந்நியன் போடும் கறியைத் தொடக் கூடாது என்றால், அந்நியன் ஒருவனை விட்டே கறியைப் போடச் சொல்வேன். உள்ளே குமட்ட வைக்கிற சாமான் ஒன்று இருக்கும். தின்னும், கக்கும். மறுபடி தின்னும், மறுபடி கக்கும். அதன்பிறகு எவன் கறியோடு வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பழக்குகிறவன் மட்டும் அந்தக் கறியைத் தன் கையால் நீட்டக் கூடாது. தொழிலில் முதல் பாடம் அது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் என்னைக் கொடுமைக்காரன் என்று எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். என் மகளை நான் ஓர் அடி அடித்ததில்லை.

நாங்கள் பிரிந்தபோது அவள் அம்மா வெளிநாட்டில் இருந்தாள். குழந்தை தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று அந்த நாட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. லீவுக்கு என்று கூட்டிவந்தேன். திருப்பி அனுப்பவில்லை. வக்கீல் சிரித்தார்.

"அந்த நாட்டு உத்தரவு இங்க தானா ஓடாதுய்யா. நம்ம ஜட்ஜ் தலையாட்டணும். அம்மாகிட்டப் போனா பிள்ளைக்குக் கெடுதல்னு தெரிஞ்சா ஆட்ட மாட்டாரு. காட்டுறதுக்கு உங்ககிட்ட என்ன இருக்கு?"

"பொண்ணு இருக்கா," என்றேன்.

வழக்கு முடியும்வரை ஞாயிறுதோறும் தாய் வீடியோவில் பேசலாம் என்று நீதிபதி அனுமதித்திருந்தார். போன் வருமுன் தேனில் குழைத்து ஒரு கரண்டி கொடுப்பேன். நாய்க் கொட்டகையில் இருக்கிற அதே குமட்டல் சாமான்தான், அளவைக் குறைத்து. நான் அறிவுகெட்டவன் இல்லை. "சத்து மருந்து கண்ணு" என்பேன். ஆறு வயசு. வாயைத் திறப்பாள். திரையில் அம்மா வந்து "தங்கம், சாப்டியா?" என்று கேட்டு முடிப்பதற்குள் கக்கிவிடுவாள். புளித்த வாடை வீட்டை விட்டுப் போகவே இல்லை. பாய் நாறியது, அவள் தலைமுடி நாறியது. எனக்குக் கொட்டகை பழக்கம், தாங்கிக்கொண்டேன். துடைத்துக் கழுவியது என் அக்கா.

"ஏன்டா, வாரம் பூரா நல்லாத்தான் இருக்கா. அவ அம்மா மூஞ்சியப் பாத்ததும் கொடலே வெளிய வருது. எனக்கும்தான் அவளைப் பிடிக்காது, நான் என்ன கக்கிக்கிட்டா இருந்தேன்?"

"பிள்ளைக்குத் தெரியுதுக்கா, யாரு எப்படின்னு."

அக்கா நம்பினாள். கொஞ்ச நாளில் நானும் நம்பிவிட்டேன்.

விசாரணையன்று அம்மாக்காரி விமானம் ஏறி வந்துவிட்டாள். நீதிபதியின் அறையில் மண்டியிட்டுக் கையை நீட்டினாள். அன்று கரண்டி கிடையாது. குழந்தையின் தோளில் கை வைத்து, "அம்மாகிட்டப் போ கண்ணு" என்று மெல்ல முன்னே தள்ளினேன். தாயின் மடி நிறையக் கக்கினாள். தாய் நகரவில்லை. தன் உடுப்பாலேயே குழந்தையின் வாயைத் துடைத்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டவர் நீதிபதிதான். அந்த நாட்டு உத்தரவை இங்கே நிறைவேற்ற முடியாது என்று தீர்ப்பு வந்தது.

அன்றைக்கே மருந்தை நிறுத்திவிட்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து வேளாவேளைக்கு நானே வெறும் சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். கக்கினாள். மறுநாள் வெறும் தண்ணீரைத்தான் நீட்டினேன். கக்குகிற பாத்திரத்தைத் தானே இழுத்து வைத்துக்கொண்டு, அழாமல் கக்கினாள். பிறகு வாயைத் துடைத்தாள்.

"முடிச்சிட்டேன்ப்பா. இப்ப அம்மாகிட்டப் பேசலாமா?"

சில வாரங்களில் எலும்பும் தோலுமாக ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சமையலறை அலமாரிக்குப் பின்னால் இருந்த கொட்டகை பாட்டிலை எடுத்துப்போய் டாக்டரிடம் கொடுத்தது அக்காதான். துடைத்துத் துடைத்து அலுத்திருப்பாள்.

நேற்று உங்கள் ஆட்கள் என்னை அங்கே கூட்டிப்போனார்கள். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். அம்மாக்காரி ஊட்டுகிறாள், இவள் வாங்கி விழுங்குகிறாள். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. நான் கதவைத் திறந்தேன். என் பக்கம் திரும்பியதும் பாத்திரத்துக்குக் கை நீட்டினாள்.

அருவருப்பாகப் பார்க்கிறீர்கள். பாருங்கள். நான் செய்ததை மறைக்கவில்லை, தவறு செய்ததையும் ஒத்துக்கொள்கிறேன். நேற்று தொழிலுக்கு வந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான். அந்தக் கரண்டியை அக்கா கையில் கொடுத்திருக்க வேண்டும்.